பூட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. வெளியே இழுத்து, சட்டை நுனியில் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தேன். அப்போதும் திரும்பவில்லை. சாவியின் மேல் தப்பில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கை கேட்கவில்லை, மூன்றாம் தடவையும் விட்டுப் பார்த்தது. நேற்று வரை தொங்கியது மூக்கொழுகின பிள்ளை மாதிரி துரு வடிந்த பூட்டு. இது மஞ்சளாகப் பளபளத்தது. அதே கம்பெனி, அதே அளவு. அதனால்தான் சாவி நம்பி உள்ளே போயிருக்கிறது.

அரங்கத்தின் பக்கவாட்டுச் சந்தில்தான் எனக்கு வேலை. பாட்டு, நாடகம், பள்ளிக்கூட விழா என்று யார் வாடகைக்கு எடுத்தாலும் அந்த அரங்கத்தில் நடக்கும். முன்வாசல் பெரிய தெருவைப் பார்த்தது. பக்கத்தில், சந்துக்குள் திறக்கிற மாதிரி ரெட்டை இரும்புக் கதவு ஒன்று. உள்பக்கம் குறுக்கே ஒரு கம்பி இருக்கும். ஆபத்து என்றால் யாரும் எதையும் தேட வேண்டாம், கம்பியின் மேல் சாய்ந்தால் போதும், கதவு வெளியே திறந்துகொள்ளும். அதற்காகத்தான் அதை வைத்தார்கள். ஆனால் ஆபத்து தினமும் வருவதில்லை, டிக்கெட் வாங்காதவர்கள் தினமும் வந்தார்கள். உள்ளே ஒருத்தன் டிக்கெட்டோடு போய்க் கம்பியை அமுக்குவான், வெளியே அவன் கூட்டாளிகள் தயாராக நிற்பார்கள். மேனேஜர் பார்த்தார், வெளிப்பக்கம் கொண்டியடித்துப் பூட்டைத் தொங்கவிட்டார். அப்புறம் தீயணைப்பு ஆபீசர் வந்தார், பூட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார். கதவு திறந்திருக்க வேண்டும் என்றது சட்டம். திறந்திருந்தால் கட்டுப்படியாகாது என்றார் மேனேஜர். ரெண்டுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, கழுத்தில் சாவியை மாட்டி, என்னை உட்கார வைத்தார்கள்.

அதற்கு முன்னால் நான் மார்க்கெட்டில் மூட்டை தூக்கினேன். முதுகு போன பிறகு தூக்கவும் முடியாது, தூக்காமல் இருக்கவும் முடியாது என்று அலைந்தபோது கிடைத்த வேலை இது. பிறந்ததிலிருந்து நின்றும் நடந்தும் சுமந்தும் சாப்பிட்டவனுக்கு உட்காரச் சம்பளம். "மகராசன் உக்காந்த எடத்துல சம்பாதிக்கிறாரு" என்று என் பெண்சாதி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பாதி பெருமை, பாதி நக்கல். ஆனால் உட்கார்ந்தே இருப்பதும் ஒரு சுமைதான் என்பதை உட்கார்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். நிகழ்ச்சி நடக்கும்போது எழுந்து போகக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றால்கூட, சந்து முனையில் டீ போடுகிற அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போக வேண்டும். அவள் எனக்கு வைத்த பேர் சாவியண்ணன். சாவி தொங்குகிற கயிறு என் மகள் பின்னிக் கொடுத்தது. அவள் தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள். மிச்சம் விழுகிற நூலையெல்லாம் சேர்த்து, கழுத்தை அறுக்காமல் பட்டையாக முறுக்கியிருந்தாள்.

எனக்கு எழுத்தைக் காட்டியதும் அவள்தான். சட்டை வெட்டுகிற அளவுக் காகிதத்தின் பின்பக்கம் எழுதி எழுதிக் காட்டினாள். தலை நரைத்த பிறகு படித்ததால் எனக்கு எந்த எழுத்தும் சும்மா வராது, ஒவ்வொன்றையும் தோளில் ஏற்றி இறக்கித்தான் வாசிப்பேன். கதவுக்கு மேலே சிவப்பில் ஒரு பலகை. அவசர வழி. எப்போதும் பூட்டாமல் வைக்கவும். யார் உதவியும் இல்லாமல் நான் முழுசாக வாசித்த முதல் பலகை அதுதான். வாசித்து முடித்துக் கண்ணை இறக்கினால் நேர் கீழே பூட்டு. முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பழகிவிட்டது. சாவிதான் நம்மிடம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டு ஏன் மாறியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போன வாரம் ஒரு பாட்டுக் கச்சேரி. உள்ளே கூட்டம் நெரிந்தது. கதவு திடீரென்று முன்னால் நகர்ந்து நின்றது. கொண்டியில் கொஞ்சம் ஆட்டம் உண்டு, உள்ளிருந்து தள்ளினால் ரெண்டு விரல் அகலத்துக்கு இடுக்கு விடும், அதற்கு மேல் பூட்டு பிடித்துக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாக ஒரு பெண் குரல் வந்தது. "அண்ணே, பிள்ளைக்கு மூச்சு முட்டுது, வாந்தி எடுக்கறான், வெளிய விடுங்கண்ணே." முன்வாசலுக்குப் போக வேண்டுமானால் அவள் அந்தக் கூட்டம் மொத்தத்தையும் கிழித்துக்கொண்டு போக வேண்டும். நான் திறந்தேன். அவள் பிள்ளையோடு வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். அந்த நேரத்துக்குள் டீக்கடைப் பக்கம் நின்ற பையன்கள் பாய்ந்து வந்தார்கள். நான் ரெண்டு கையையும் விரித்து நின்றேன். என் கைக்கு அடியிலும் பக்கத்திலும் புகுந்து தண்ணீர் மாதிரி உள்ளே போனார்கள். ஒருத்தன் போகிற போக்கில் "தேங்க்ஸ் தாத்தா" என்றான்.

மேனேஜர் அன்றைக்குத் திட்டினார். வேலையை விட்டுத் தூக்குவார் என்று நினைத்தேன், தூக்கவில்லை. நல்ல மனுஷன் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

இப்போது புதுப் பூட்டைப் பார்த்துவிட்டு அவர் அறைக்குப் போனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். இரு என்று கையைக் காட்டினார். நின்றேன்.

"என்ன பெரியவரே?"

"பூட்டு மாறியிருக்கு சார். சாவி?"

"சாவி எங்கிட்ட இருக்கு."

"எங்கிட்ட ஒண்ணு…"

"எதுக்கு? மறுபடியும் தர்மத்துக்கு ஒரு கூட்டத்த உள்ள விடவா?"

"அதில்ல சார். உள்ள ஏதாவதுன்னா?"

"ஏதாவதுன்னா எனக்கு போன் பண்ணு. நான் ஓடி வந்து தொறக்க மாட்டேனா? நான் என்ன வெளியூர்லயா இருக்கேன்?" பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "உன்ன நான் ஒண்ணும் சொல்லல. உன் மனசு அப்படி. கதவு தட்டினா தொறந்துடுவ. தொறக்க முடியலன்னா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. போய் உக்காரு."

என் கை தன்னால் கழுத்துக்குப் போனது. இந்தச் சாவியை என்ன செய்வது என்று கேட்க வாயெடுத்தேன். அவருக்கே புரிந்துவிட்டது.

"அதக் கழட்டாத. இன்னிக்கு ஆபீசர் வர்றாரு. அது கழுத்துல கெடக்கணும், நீ நாற்காலியில இருக்கணும். அவ்வளவுதான் உன் வேலை."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அதற்கு அடியில் ஒரு அரைச் செங்கல் வைத்திருப்பேன். செங்கல்லைச் சரி செய்து, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி சரி செய்தேன். டீக்கார அம்மா அங்கிருந்தே கேட்டாள். "என்னண்ணே, முட்ட போடற கோழி மாதிரி எடம் மாத்தி மாத்தி உக்கார்றீங்க?" விஷயத்தைச் சொன்னேன். டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"அப்ப இந்தச் சாவி எதுக்கு?"

"பாக்கறதுக்கு."

"கோயில் யானைக்கு மணி கட்டின மாதிரி." அவளே சிரித்தாள். சிரித்த பிறகு கதவைப் பார்த்தாள். "இன்னிக்கு மேஜிக் ஷோவாம். சங்கிலி போட்டுப் பெட்டியில பூட்டினாலும் வெளிய வந்துடுவாராம். அவரக் கூப்பிட்டுக் காட்டுங்க உங்க பூட்ட." டீயைக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை, ஆறிப்போய் ஆடை கட்டியது.

ஆபீசர் மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். கூடவே மேனேஜர். ஆபீசரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காலையிலிருந்து எத்தனை கட்டடம் ஏறி இறங்கினாரோ, ஷூ முழுக்கத் தூசி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மூட்டை தூக்குகிற காலத்தில் கடைசி லாரி வரும்போது எங்கள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். சந்தின் இந்த முனையையும் அந்த முனையையும் பார்த்தார். சந்து அடைக்காமல் சுத்தமாக இருந்தது. நான்தான் காலையில் கிடந்த அட்டைப் பெட்டிகளை எல்லாம் எடுத்துப் போட்டிருந்தேன்.

"பூட்டே இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே."

"ஆள் போட்டுட்டோம் சார். ஒரு நிமிஷம் நகர மாட்டாரு" என்றார் மேனேஜர்.

ஆபீசர் என்னைப் பார்த்தார். "சாவி?"

சாவியைத் தூக்கிக் காட்டினேன். கயிறு முறுக்கிக்கொண்டு சாவி சுற்றியது. அது நிற்கும் வரைக்கும் மூணு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு நெஞ்சு வரைக்கும் வந்தது. மேனேஜர் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருந்ததே பார்க்கிற மாதிரி இருந்தது.

"பூட்டு புதுசு சார்" என்றேன். "நேத்து ராத்திரிதான் மாத்தினாங்க."

"பாத்தேன். நல்லதாப் போச்சு. பழசு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு, அவசரத்துக்குத் தொறக்காது." என் தோளைத் தட்டினார். "எந்திரிச்சுப் போயிடாதீங்க பெரியவரே. உங்கள நம்பித்தான் உள்ள அத்தன பேரு."

"சார், சாவி…"

"வாங்க சார், மேல பால்கனியப் பாத்துடலாம், மழைக்கு முன்னாடி பூச்சு வேல எல்லாம் முடிச்சுட்டோம்" என்று மேனேஜர் அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார். அவர்கள் போய்விட்டார்கள். சாவி என்று நான் சொன்ன அந்த ஒரு சொல் சந்தில் அப்படியே நின்றது, அதற்குப் பின்னால் சொல்ல வேண்டியதெல்லாம் என் வாய்க்குள் இருந்தது. கை விரித்து நின்றும் பையன்களைத் தடுக்க முடியாதவன், இப்போது ஒரு மனுஷனைக் கூப்பிட்டு நிறுத்தவும் முடியாதவன். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அரை நாள் லீவு விட்டு, தையல் கம்பெனிக்காரர்கள் பெண்களுக்கெல்லாம் மேஜிக் ஷோவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது. என் மகள் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அப்பா வேலை செய்கிற இடத்துக்கு ராணி மாதிரி டிக்கெட்டோடு வந்து இறங்க வேண்டும் என்று ஆசை. சந்து முனையில் ஒரே சிரிப்புச் சத்தம். திரும்பினால் ஒரு கும்பல் பெண்கள், நடுவில் இவள்.

"உங்கப்பாவாடி இது? நீ காவக்காரர்னுதான சொன்ன, கழுத்துல சாவியெல்லாம் போட்டுக் கட்டடத்து ஓனர் மாதிரி இருக்காரு" என்றாள் ஒருத்தி.

"அந்தக் கயிறு நான் பின்னினது" என்றாள் என் மகள். கையை நீட்டி விரலைக் காட்டினாள். "பாத்தியாப்பா?" நகம் எல்லாம் ஊதா. மற்றவர்களும் நீட்டினார்கள். எல்லோருக்கும் அதே ஊதா. ஒரே புட்டியை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து எல்லோரும் பூசிக்கொண்டார்களாம். தீர்ந்துபோய்க் கடைசிப் பெண்ணுக்கு ஒரு கையில்தான் பூச முடிந்ததாம், அவள் இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள். எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"எங்க சீட்டு?"

"பால்கனிப்பா. மேல."

பால்கனிப் படி எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு படி முன்வாசல் கூடத்துக்கு இறங்கும். இன்னொன்று, குறுகலானது, நேராக இந்தக் கதவுக்கு இறங்கும்.

"கீழ எடம் கேட்டுப் பாரேன். முன்வாசல் பக்கமா."

"நம்பர் போட்டுத் தந்திருக்காங்கப்பா. அதோட நாங்க எல்லாம் சேந்து உக்காரணும்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளிடம் எதையும் மறைக்க எனக்கு வராது. "என்னப்பா?"

என்ன சொல்வது. வீட்டுக்குப் போ என்றா? சொன்னால் ஏன் என்பாள். காரணத்தைச் சொன்னால் அவள் மட்டும் போவாளா, இத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம்தான் போவாள். வாயுள்ள பிள்ளை. அப்புறம் இந்த நாற்காலி இருக்காது. இன்னொரு பக்கம், நானாகப் பயந்து சாகிறேனோ என்றும் இருந்தது. எத்தனை வருஷமாக எத்தனை நிகழ்ச்சி நடந்தது, ஒரு தரமாவது தீப்பிடித்ததா? பிடிக்காது என்று சொல்கிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொல்வார்கள் என்பதும் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல. கூட்டமா இருக்கும். ஏதாவதுன்னா முன்வாசல் படிக்குப் போ. இந்தப் பக்கம் வராத."

"ஏன், இதான அவசர வழி?" பலகையைக் காட்டினாள். "எங்க கம்பெனியில தீ ஒத்திகை எல்லாம் பாத்திருக்கோம்ப்பா. பக்கத்துல எந்த வழியோ அந்த வழியா எறங்கணும், அதான் ரூல். அதுவுமில்லாம இங்க நீ இருக்க." கயிற்றைச் சரி செய்து, முறுக்கிக்கொண்டிருந்த சாவியை என் நெஞ்சின் மேல் நேராக வைத்தாள். "நீ இருக்கறப்ப எனக்கென்ன."

கூட்டமாகவே போய்விட்டார்கள். முனையில் திரும்பும்போது இவள் கையைத் தூக்கி விரல்களை மட்டும் ஆட்டினாள்.

மேனேஜருக்குப் போன் பண்ணினேன். மகள் உள்ளே இருக்கிறாள், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் சாவியைக் கொடுங்கள் என்று கேட்கலாம், காலில் விழச் சொன்னால் விழலாம். மணி அடித்தது, எடுக்கவில்லை. முன்வாசலில் டிக்கெட் கூட்டத்தை அவரேதான் நின்று உள்ளே விடுவார். டீக்கார அம்மாவை உட்கார வைத்துவிட்டுச் சுற்றிக்கொண்டு ஓடினேன். முன்வாசல் படி தெரியாத அளவுக்குக் கூட்டம். தலைகளுக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "சார்" என்றேன். என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. நாற்காலியை விட்டு எழுந்து வந்தவனைப் பார்க்கிற முகம். "போ" என்று வாயசைத்தார். கையால் தள்ளுகிற மாதிரி காட்டினார். நடுவில் சனம். நான் திரும்பி வந்தேன். டீக்கார அம்மா எழுந்து, நாற்காலியை முந்தானையால் துடைத்துவிட்டுப் போனாள்.

நிகழ்ச்சி தொடங்கியது. இரும்புக் கதவு வழியாகக் கேட்கிற சத்தத்துக்கு முகம் கிடையாது. பாட்டா, அழுகையா, கைதட்டலா, எல்லாம் ஒரே மாதிரி குமுறும். எப்போதும் அப்படித்தான் கேட்டிருக்கிறேன், எப்போதும் அதைக் கவனித்ததில்லை. இன்றைக்கு ஒவ்வொன்றையும் எடை போட்டேன். இது சிரிப்பு. இது ஆச்சரியம். இது கைதட்டல்தான், நிச்சயம் கைதட்டல். கதவில் காதை வைத்தால் இரும்பு வெயிலில் சுட்டது. சந்தின் நிழலில், நான் ஒதுக்கிப் போட்ட அட்டைப் பெட்டிகளின் மேல் ஒரு பூனை படுத்துத் தூங்கியது.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம் இருக்கும், மண்ணெண்ணெய் வாசனை வந்தது. கதவின் அடி இடுக்கிலிருந்து வந்தது. டீக்கார அம்மாவைப் பார்த்தேன்.

"அடுப்பு இல்லண்ணே, என்னுது கேஸு" என்றாள். பிறகு, "அந்த மேஜிக்காரர் வாயிலேந்து நெருப்பு ஊதுவாராம்ல. போஸ்டர்ல போட்டிருக்கே."

போட்டிருந்தது. நானே வாசித்திருந்தேன். நெருப்பு ஊதுகிறார், அவ்வளவுதான். உள்ளே ஒரு பெரிய சத்தம் எழுந்தது. மற்ற சத்தங்கள் எழுந்து அடங்கும். இது எழுந்தது, அடங்கவில்லை. கைதட்டலாக இருக்கலாம். பிள்ளைகள் கத்தினால் அப்படித்தான் இருக்கும். பெண்பிள்ளைகள் கும்பலாக உட்கார்ந்து பயந்து சிரித்தாலும் அப்படித்தான் இருக்கும். நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை.

கதவு முன்னால் நகர்ந்து நின்றது.

உள்ளே யாரோ கம்பியில் சாய்ந்திருக்கிறார்கள். ரெண்டு விரல் அகலத்துக்கு இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து மண்ணெண்ணெய் வாசனையோடு சூடாகக் காற்று வந்தது. கூட்டம் நிறைந்த இடத்துக் காற்று எப்போதும் சூடுதான்.

"யாரு? உள்ள என்ன?" என்று கத்தினேன். பதில் சொன்னார்களா தெரியாது, அந்தக் குமுறலில் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்து மேனேஜர் பேரை அமுக்கினேன். மணி அடித்தது. போனைக் கீழே போட்டுவிட்டுச் சாவியைப் பூட்டில் விட்டேன். நம்பி உள்ளே போனது. திருப்பினேன், விரல் வலித்தது, சாவிக்கு வலிக்கவில்லை போல, அப்படியே சிக்கி நின்றது. "நான் முன்பக்கம் ஓடறேன்" என்று டீக்கார அம்மா அடுப்பை அணைக்காமலே ஓடினாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு அடியிலிருந்த செங்கல்லை எடுத்தேன். பூட்டைப் பார்த்து ஓங்கினேன்.

அப்போது இடுக்கு வழியாக விரல்கள் வெளியே வந்தன. நாலு விரல். கொண்டிக்கு அருகில், பூட்டுக்குப் பக்கத்திலேயே, கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டன. ஊதா நகங்கள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த நுனி.

"கைய எடும்மா" என்றேன். "கைய உள்ள இழு, நான் ஒடைக்கறேன்." விரல்கள் அசைந்தன, போகவில்லை. என் மகளா, இன்னொரு பெண்ணா, ஒரு கைக்கு மட்டும் பூசிக்கொண்ட அந்தப் பெண்ணா. நகத்தை வைத்து எப்படிச் சொல்வது. செங்கல்லை இறக்காமல், இன்னொரு கையால் அந்த விரல்களைத் தொட்டேன். உள்ளே தள்ளத்தான் தொட்டேன். அவை என் கையைப் பிடித்துக்கொண்டன. விடவில்லை. தரையில் கிடந்த போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே அந்தச் சத்தம் இன்னும் அடங்கவில்லை. வெயில் பட்டு மஞ்சள் பூட்டு மின்னியது, அதில் மாட்டின சாவியிலிருந்து நூல்கயிறு என் கழுத்து வரைக்கும் இறுகி நின்றது.